கைத்தொலைபேசியும் காற்கூற்றுக் கல்வியும்

படித்த இடம் எது என்று வன்னி நாட்டவரைக் கேட்டால், அவரவர் வயதுக்கேற்ப விடை வேறுபடும். 1996ஆம் ஆண்டிற் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்த தலைமுறை, மரநிழல் என்று கூறும். 2009ஆம் ஆண்டிற் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்த தலைமுறை, கூடாரம் என்றும் தகரக் கொட்டில் என்றும் கூறும். இன்றைய பிள்ளையோ வாய் திறவாது. உள்ளங்கையை விரித்துக் காட்டும். அங்கே கைத்தொலைபேசி இருக்கும்.

இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் ஓரினம். மூன்றாவது வேறு. மரநிழலிலுங் கூடாரத்திலும் வாங்கு இல்லை, மேசை இல்லை, கரும்பலகைகூடப் பல நாள் இல்லை. ஆனால் வகுப்பு இருந்தது. ஓர் ஆசிரியர் நின்றார். முப்பது பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தனர். அவர் அந்த முப்பது முகங்களையும் பார்த்தார். உள்ளங்கைப் பள்ளிக்கூடத்திலே படமுண்டு, பாட்டுண்டு, உலகத்து நூல்நிலையங்களெல்லாம் உண்டு. வகுப்பு மட்டும் இல்லை. அதனைப்பற்றியே இங்குச் சில கூற விரும்புகிறேன். கைத்தொலைபேசியை வைவது என் நோக்கமன்று. பண்டிதர் என்றால் புதியனவற்றையெல்லாம் வைபவர் என்றோர் எண்ணம் நாட்டிலே உலாவுகின்றது. வைகின்ற பண்டிதரும் வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையை வட்ஸ்அப்பிலேதான் கொஞ்சுகிறார்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆந் திகதி, கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் திறப்பதும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டாண்டு கழிந்தது. கல்வியமைச்சின் இ-தக்சலாவ என்னும் இணையத்தளம் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியிலே குருகெதர என்னும் பெயரிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆயினும் நம்மூர்களிற் கல்வி என்று நடந்தது பெரும்பாலும் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் நடந்ததே. அக்காலத்து அரசாங்கக் கணக்கின்படி, இலங்கையிற் கணினியுள்ள வீடு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வன்னிக் கிராமங்களில் அந்த ஐந்தில் ஒன்றையும் எதிர்பார்ப்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின மதிப்பீட்டிலே நாட்டின் வறுமை 4.1 வீதமாயிருக்க, கிளிநொச்சி மாவட்டத்தின் வறுமை 18.2 வீதமாயிருந்தது. இருபத்தைந்து மாவட்டங்களுள்ளும் அதுவே மிகுதி. 12.7 வீதத்தோடு முல்லைத்தீவு அதற்கடுத்து நின்றது.

இத்தகைய நிலத்திலே, "கைத்தொலைபேசியிற் படி" என்றால் என்ன நிகழும்? வீட்டிலுள்ளது ஒரு தொலைபேசி. பிள்ளைகள் மூவர். மூவர்க்குங் காலை எட்டரை மணிக்கு வகுப்பு. தொலைபேசியோ தகப்பனோடு வயலுக்குப் போய்விட்டது. மாலையில் அது திரும்பும்போது அதில் உயிர் இராது. உயிரிருந்தால் ரீலோட் இராது. முகங்காட்டி நடத்தும் ஒரு மணிநேர வகுப்பு ஒரு ஜிபி டேட்டாவை விழுங்கவல்லது. ஆதலாற் பிள்ளைகள் படத்தை மூடிவிட்டுக் குரலை மட்டுங் கேட்டனர். ஆசிரியரும் தங் கைப்பணத்திலே டேட்டா வாங்கிக் கறுப்புச் சதுரங்களைப் பார்த்துப் பாடஞ்சொல்லினர். 2021 யூலை 12ஆந் திகதி ஆசிரியர் சம்பளப் போராட்டந் தொடங்கியபின், ஒக்ரோபர் வரை அந்தக் கறுப்புச் சதுரங்களும் இல்லாதொழிந்தன.

உயர்தரத்திலே தமிழை ஒரு பாடமாகக் கற்ற மாணவியொருத்தி எனக்கு நினைவுக்கு வருகின்றாள். அவள் வீட்டிற் கவரேஜ் இல்லை. குளக்கட்டின்மேல் ஒரு முதிரை மரத்தடியிலேதான் அது கிடைக்கும். பிற்பகல் வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்பும் நேரமும் யானை குளத்துக்கு இறங்கும் நேரமும் ஒன்று. ஆகையாற் தகப்பனார் ஒவ்வொரு நாளும் வேலையை இடையில் விட்டு, வெடிப்பெட்டியும் கையுமாக அம்மரத்தடிக்கு வந்து காவலிருந்தார். யான் யாப்பிலக்கணஞ் சொல்லிக்கொண்டிருக்கையிற் தொலைபேசியின் அந்தப் பக்கத்திலே வெடியோசை கேட்டதுண்டு. இது வன்னிக்கு மட்டும் உரிய கதையன்று. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள போஹிட்டியாவ என்னுஞ் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள், 2021இலே தம் ஆசிரியையோடு காட்டுவழியே நடந்து ஒரு பாறைமேல் ஏறி இணையத்தைப் பிடித்ததை வெளிநாட்டுப் பத்திரிகைகளும் படம் போட்டு எழுதின.

இவையெல்லாம் புறக்குறைகள். கோபுரம் எழுந்தால் ஒன்று நீங்கும். வருவாய் உயர்ந்தால் மற்றொன்று நீங்கும். 2022 மார்ச் 31ஆந் திகதி நாடு பதின்மூன்று மணிநேரம் மின்சாரமின்றிக் கிடந்தது. அப்படியொரு நாள் இனி வராது என்றே வைத்துக்கொள்வோம். எல்லாப் பிள்ளைக்கும் நல்ல தொலைபேசியும், நல்ல கவரேஜும், தீராத டேட்டாவுங் கிடைத்துவிட்டன என்றும் வைத்துக்கொள்வோம். அதன்பின்னும் எஞ்சி நிற்குங் குறை ஒன்றுண்டு. அஃது அகக்குறை.

அதனை விளங்கிக்கொள்வதற்குப் பழைய நூலொன்று துணைசெய்யும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலே நன்னூலை இயற்றியபோது, எழுத்தின் இலக்கணத்தைத் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தை வைத்தார். நூல் எத்தன்மையது, ஆசிரியர் எத்தன்மையர், பாடஞ் சொல்வது எங்ஙனம், மாணாக்கர் யாவர், பாடங் கேட்பது எங்ஙனம் என்பனவே அதன் பொருள். இலக்கணத்தைக் கற்பிக்கப் புகுமுன் வகுப்பறையை ஒழுங்கு செய்கிறார் என்க. அங்கே கல்விக்கு ஒரு கணக்குச் சொல்லப்படுகின்றது. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் எத்துணை நன்றாகக் கேட்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்கூறு. உடன் கற்பாரோடு பழகுவதால் இன்னொரு கால் வரும். எஞ்சிய இருகாலும் தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே வரும். ஆசிரியராய் இருந்தவர் எவரும் இக்கணக்கை மறுக்கமாட்டார். யான் புணரியலை விளங்கிக்கொண்டது பண்டித வகுப்பிற் கேட்டபோதன்று; ஒன்பதாம் வகுப்புக்கு அதனைச் சொல்லப் புகுந்தபோதே.

கைத்தொலைபேசிக் கல்வி இந்நான்கு காலுள் எத்தனையைத் தருகின்றது? மேலெழுந்தவாறாகப் பார்த்தால் முதற்காலைத் தருகின்றது. மற்ற மூன்றையும் விட்டுவிடுகின்றது. அந்த முதற்காலையாவது முழுமையாகத் தருகின்றதா என்று பார்ப்போம்.

மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து ஆசிரியர் சொல்லவேண்டும் என்பதும் அப்பாயிரத்தின் கருத்தே. கொள்ளும் வகையை எங்ஙனம் அறிவது? முகத்தைப் பார்த்தே அறியவேண்டும். மரம் என்பதனோடு வேர் புணர்ந்தால் மரவேர் என்றும், கிளை புணர்ந்தால் மரக்கிளை என்றும் கரும்பலகையில் எழுதுகிறேன். மூன்றாம் வரிசையில் ஒரு புருவஞ் சுருங்குகின்றது. அந்தப் புருவம் வினாவாக மாறுதற்கு முன்பே அதற்கு விடை சொல்லவேண்டும். இல்லையேல் அது நாணத்தால் மீண்டும் நேராகிவிடும், ஐயம் உள்ளே தங்கிவிடும். கைத்தொலைபேசியிலே அதே பாடத்தைச் சொல்லி, "விளங்கியதா பிள்ளைகள்?" என்று கேட்டேன். ஒரு நொடியிலே கட்டைவிரல்கள் வரிசையாய் எழுந்தன. எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். எல்லாம் ஒரே அளவு. புருவம் எங்கே? 2021 நவம்பரிற் பாடசாலை திறந்தபின் அப்பாடத்தை வினாவினேன். கட்டைவிரல் உயர்த்திய பலர்க்கு மகரம் எங்கே போயிற்று என்பது தெரியவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் அல்லர். அந்தக் கருவியிலே அதைத் தவிர வேறு விடை சொல்வது எளிதாயில்லை.

முகங்காட்டி நடத்தும் வகுப்பாயின் இக்குறை நீங்காதோ எனின், நீங்காது. தொலைபேசியின் கண் அதன் உச்சியில் இருக்கின்றது. பிள்ளையின் முகமோ திரையின் நடுவில் இருக்கின்றது. யான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு யான் வேறெங்கோ கீழே பார்ப்பதுபோலத் தோன்றும். பிள்ளைக்கு நேரே பார்ப்பதுபோலத் தோன்றவேண்டுமாயின், யான் பிள்ளையைப் பாராமல் அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டும். இருவர் பார்வையும் ஒருங்கே சந்திப்பதற்கு அங்கே வழியில்லை.

செய்யுட் பாடத்திலே இன்னும் இடர். நம் தமிழ் வகுப்புக்களின் பழைய வழக்கம், ஆசிரியர் ஓரடியை இசையோடு படிக்க, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதனைத் திரும்பப் படிப்பது. தனியே வாய் திறக்க அஞ்சும் பிள்ளையும் அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்து நின்று படிக்கும். ஒரு தவணைக்குள் அதன் நாவும் திருந்திவிடும். சூமிலே அதனைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், என்ன கூச்சல் எழும் என்பது. ஒலி போய் வருவதற்கு ஒரு சிறு பொழுது செல்லும். அந்தப் பொழுது ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு அளவு. ஆதலின் முப்பது குரலும் ஒருபோதுஞ் சேரமாட்டா. ஈற்றில் எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டு ஆசிரியர் மட்டும் படிப்பார். லகர, ளகர, ழகரங்களைப் பிள்ளை எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை அவர் அறியவே மாட்டார்.

எழுத்துக்கும் ஒரு கேடு நேர்கின்றது. இதனைத் தமிழாசிரியர் அல்லாதார் அவ்வளவாகக் கவனித்திலர். குறள் வெண்பாவுக்கு முதலடியில் நாற்சீர், இரண்டாமடியில் முச்சீர். கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையிலே நாற்சீர் ஒரு வரியில் அடங்குவதில்லை. இரண்டு சீரோ மூன்று சீரோ போனதும் எஞ்சியது கீழே மடிந்து விழும். பிள்ளை அதனையே நாளும் பார்க்கின்றது. அதுவே அடி என்று மனத்திற் கொள்கின்றது. அண்மைக் காலத்துத் தவணைப் பரீட்சை விடைத்தாள்களிலே மூன்று வரியாகவும் நான்கு வரியாகவும் குறள்களைக் கண்டுவருகிறேன். ஒரு சொல்லும் பிழையில்லை. அடி மட்டும் இல்லை. நேரிசை வெண்பாவின் தனிச்சொல் படும் பாட்டைச் சொல்லவே வேண்டா. இனி, தொலைபேசியிலே ஒரு சொல்லின் முதல் இரண்டெழுத்தைத் தட்டினால் முழுச்சொல்லையும் அதுவே நீட்டிக் காட்டுகின்றது. சின்ன ரகரமோ பெரிய றகரமோ என்று பிள்ளை ஒரு கணந் தயங்கித் தெளியும் அந்தப் பயிற்சி அற்றுப்போகின்றது. ஆனாற் பரீட்சை தொலைபேசியில் நடப்பதில்லை. சாதாரண தரமும் உயர்தரமும் இன்றுங் கடதாசியிலே பேனையால் எழுதப்படுகின்றன. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், சாதாரண தரப் பரீட்சை அவ்வாண்டு மே மாதத்திலும் நடந்தன. முதிரை மரத்தடி மாணவி தமிழ் வினாத்தாள் எழுதிவிட்டு வந்து சொன்னது இது: "ஐயா, விடை தெரியும், ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கைதான் ஓடவில்லை."

இவ்வாறு முதற்காலிலும் ஒரு பங்கு குறைகின்றது. இரண்டாங் காலோ, உடன் கற்பாராற் பெறுவது. வகுப்பிலே ஒரு துணிந்த பிள்ளை எழுந்து கேட்கும் வினா, துணிவில்லாத பத்துப் பிள்ளைகளின் வினா. அதற்குச் சொல்லும் விடை பதினொருவருக்குஞ் சேரும். தொலைபேசியிலே பிள்ளை தனிச்செய்தியாகக் கேட்கின்றது. விடையுந் தனியே போகின்றது. குழுவிற் கேட்டாலென்ன என்று யான் வினாவியதுண்டு. கேட்கமாட்டார்கள். அதற்கு நியாயமுண்டு. வகுப்பிற் சொன்ன பிழை காற்றோடு போய்விடும். நாளைக்கு எவரும் அதனை நினையார். தொலைபேசியில் எழுதிய பிழை அழியாது நிற்கும். ஒருவன் அதனைப் படம் பிடித்து இன்னொரு குழுவிற் போட்டுச் சிரிப்பான். பிழை செய்தற்கு இடமில்லாத இடத்திலே கற்றல் எங்ஙனம் நிகழும்? பிழைக்கு அஞ்சிய பிள்ளைகள் வாளாவிருக்கின்றனர். வாளாவிருப்பவரை விளையாட்டுக்கள் வந்து அழைக்கின்றன. பப்ஜி, பிரீ ஃபயர் என்னும் பெயர்களை யான் அறிந்துகொண்டது என் மாணாக்கரிடமிருந்தே. பாடம் வருங் கருவியும் விளையாட்டு வருங் கருவியும் ஒன்றாயிருக்கையில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. ஒருமுறை கவனஞ் சிதறினால் மீண்டும் பாடத்திற் படிவதற்கு இருபது நிமிடம் வரையிற் செல்லக்கூடும் என்று யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையிலே எடுத்துக்காட்டியுள்ளது. நம் பாடவேளையோ நாற்பது நிமிடம்.

பிறர்க்கு எடுத்துரைத்து நிரப்பவேண்டிய அரைப்பங்கைப்பற்றி அதிகஞ் சொல்வதற்கில்லை. கைத்தொலைபேசிக் கல்வியிலே அதற்கு இடமே வைக்கப்படவில்லை. முல்லைத்தீவுக்கே உரிய கோவலன் கூத்தை நினைத்துப் பார்க்கலாம். அண்ணாவியார் ஆடிக்காட்ட, பழகியவன் புதியவனுக்குக் கையைக் காலைப் பிடித்துக் காட்ட, அது தலைமுறை தலைமுறையாய் வந்தது. யூரியூபில் அதனைக் கண்டு களிக்கலாம். ஆடக் கற்றவரை யான் இன்னுங் காணவில்லை.

வன்னியின் குறையை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்கலாமோ என்று சிலர் வினவக்கூடும். குறையில்லாத தேசத்தையே பார்ப்போம். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் 2012ஆம் ஆண்டில் எட்எக்ஸ் என்னும் இணையக் கல்லூரியைத் தொடங்கின. உலகத்துப் பெரும் பேராசிரியர் பலர் அங்கே பாடஞ் சொல்லினர். பலவற்றுக்குக் கட்டணமும் இல்லை. அங்குச் சேர்ந்தாருட் கற்கைநெறியை முடித்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டு 2019இற் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். 2017–18ஆம் ஆண்டிற்குரிய விடை, நூற்றுக்கு மூவர். வேடிக்கை பார்க்கச் சேர்ந்தாரும் அக்கணக்கில் உளர் என்பது உண்மையே. ஆனாற் பணங்கட்டிச் சேர்ந்தாரிலும் பாதிக்கு மேற்பட்டோர் முடித்திலர். வாசிப்பைப்பற்றியும் ஒரு கணக்குண்டு. திரையில் வாசித்தாரையுங் கடதாசியில் வாசித்தாரையும் ஒப்புநோக்கிய ஐம்பத்துநான்கு ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2018இல் ஆராய்ந்தனர். அவற்றிற் பங்குகொண்டவர் ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். பொருளறிந்து படிக்கும் நூல்களில், அதிலும் நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கையில், கடதாசியே மேம்பட்டு நின்றது.

இங்கே மறுப்பொன்று எழும். ஏட்டுச்சுவடி போய் அச்சுப்புத்தகம் வந்தபோதும் பழையவர்கள் இப்படித்தான் புலம்பியிருப்பார்கள். புத்தகத்தாற் கல்வி கெட்டதா, வளர்ந்ததா என்பது அம்மறுப்பு. நல்ல மறுப்பு, விடை சொல்லத் தக்கது. நம் நாட்டிலே அச்சை முதன்மையாகக் கல்விக்கு ஆக்கியவர் ஆறுமுக நாவலர். அவர் செய்தவற்றின் முறையைக் கவனிக்க வேண்டும். வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவியது 1848ஆம் ஆண்டு. அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குக் கப்பலேறியது 1849ஆம் ஆண்டு. பள்ளிக்கூடம் முந்தியது, அச்சுக்கூடம் பிந்தியது. பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். அவர்கள் கையிற் கொடுப்பதற்குப் பாலபாடங்கள் வேண்டியிருந்தன. ஆகவே அச்சிட்டார். புத்தகத்தை அச்சிட்டு ஊரூராக அனுப்பிவிட்டு, இனி ஆசிரியர் வேண்டா என்று நாவலர் சொல்லவில்லை. உ. வே. சாமிநாதையர் அச்சுப்புத்தகக் காலத்திலே வாழ்ந்தவர். அச்சுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர். அவரும் 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் அருகிலே இருந்துதான் தமிழ் கற்றார்.

அவ்வாறே கைத்தொலைபேசியும் வகுப்புக்குப் பின்னே வருமாயின் அதனை யான் இரு கையாலும் ஏற்பேன், ஏற்றுமிருக்கிறேன். இடப்பெயர்வுகளில் வன்னி இழந்த புத்தகங்களுக்குக் கணக்கில்லை. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981இல் எரிந்தபோது போனவை வேறு. இன்று நூலகம் என்னும் இணைய நூல்நிலையத்திலே ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளுங் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலே இலக்கியங்கள் கிடைக்கின்றன. பதுங்குகுழியிற் புதைத்துவிட்டு வந்த பதிப்பொன்றை, பத்தாண்டுக்குப்பின் தொலைபேசியிற் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. ஆனால் அதனை வாசிக்க எனக்குத் தெரிந்திருந்தது. வாசிக்கத் தெரிந்தவனுக்கு நூலைக் கொடுப்பது ஒன்று. வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் நூல்நிலையத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது வேறொன்று.

என் அச்சம் இங்கேதான் இருக்கின்றது. பெருந்தொற்று நீங்கியது, கைத்தொலைபேசி வகுப்பு நீங்கவில்லை. நகரத்து ரியூட்டரிகள் அதனைக் கைவிடவில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒருவர் பேச, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நாடெங்கும் இருந்து கேட்கின்றனர், மாதந்தோறும் பணங்கட்டுகின்றனர். தாய்மாரே தனித்து நடத்துங் குடும்பங்கள் வன்னியில் மிகப் பல. அத்தாய்மார் கச்சான் விற்றும் கூலிக்கு நாற்று நட்டும் அப்பணத்தைக் கட்டுகின்றனர். பிள்ளை அறைக்குட் தொலைபேசியோடு இருந்தாற் படிக்கின்றான் என்று நம்பிக் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகின்றனர். இது பெற்றார் பாடு. பாடசாலையின் பாடு இன்னும் பெரிது. துணுக்காய், வவுனியா வடக்கு முதலிய வலயங்களின் ஒதுக்குப்புறப் பாடசாலைகளிலே கணிதத்துக்கு, விஞ்ஞானத்துக்கு, ஆங்கிலத்துக்கு ஆசிரியரைப் பெறுவதும், பெற்றவரை நிறுத்திவைப்பதும் பெரும்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் விடியற்காலை புறப்பட்டு வந்து, பிற்பகல் திரும்பிப் போகின்ற ஆசிரியர் எத்தனையோ பேர். இந்நிலையிலே, "ஆசிரியர் இல்லாவிட்டால் என்ன, தொலைபேசியிலே நல்ல பாடம் இருக்கின்றதே" என்று சொல்வாரைக் கூட்டங்களிற் கேட்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்கின்றாரல்லர். எனினும் அச்சொல் ஒருமுறை நிலைத்துவிட்டால், வெற்றிடம் வெற்றிடமாகத் தோன்றாது. ஆசிரியர் இல்லை என்று விண்ணப்பம் எழுதுவதற்கும் ஆளில்லாது போகும். கொழும்பு, யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளுக்கு ஆசிரியருந் தொலைபேசியும். நம் பிள்ளைகளுக்குத் தொலைபேசி மட்டும் என்றாகும்.

தமிழ்நாட்டிலே இதே இடர் வந்தபோது செய்ததை நோக்கலாம். அங்கும் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன; அங்கும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் இருந்தன. 2021 டிசெம்பரிலே கிராமப்புறத்து ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைச் சோதித்தபோது, 2019இல் அதே ஊர்களில் அதே வயதிலிருந்த பிள்ளைகளைவிட அவர்கள் மிகப் பின்தங்கியிருந்தனர். மொழியிலும் பார்க்கக் கணக்கிலே மிகுதி. ஆனாற் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு நீங்கிவிட்டது. நீக்கியது எது? திறந்த பள்ளிக்கூடமும், 2021 ஒக்ரோபரில் அரசாங்கந் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யுமே. அவ்வூரிலேயே படித்த இளைஞரும் பெண்களும் மாலையிலே தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தனர். மீண்டதில் ஏறத்தாழக் காற்பங்கு அம்மாலை வகுப்பினால் வந்தது என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டனர். படிப்பித்தவர்களுக்கு என்ன வந்தது என்பதை எவருங் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. பவணந்தியார் கணக்கின்படி அவர்களுக்கு அரைப்பங்கு வந்திருக்கவேண்டும்.

நம்மிடமுஞ் சனசமூக நிலையங்கள் உண்டு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஐவராவது உண்டு. எங்கள் பாடசாலைக்கு அயலிலே அவ்வாறு ஒரு மாலை வகுப்பு நடக்கின்றது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கின்றவர்கள் என் பழைய மாணாக்கர் மூவர். வருகின்ற பிள்ளைகளுக்கு வழிதான் தடை. நான்கு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குடியேற்றத்துப் பிள்ளைகள் நடந்து வந்து படித்துவிட்டுத் திரும்பினாற் பொழுது பட்டுவிடும். யானைக்குப் பயந்து அவர்கள் வருவதில்லை. சென்ற தவணையிலே வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர், எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பத்துக் கைத்தொலைபேசிகள் அனுப்பிவைக்க விரும்புவதாக எழுதினார். அன்புக்கு நன்றி கூறி, அவற்றுக்குப் பதிலாகப் பத்துத் துவிச்சக்கரவண்டிகள் தரவியலுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.